கவனிக்கப்படாத சோல், ராக் கிறிஸ்துமஸ் பதிவுகள்: எதைக் கேட்பது, எந்தப் பதிப்பில் கேட்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: டிசம்பர் வந்தால் மரியா கேரி, வாம் பாட்டுகளே திரும்பத் திரும்ப ஓடுகின்றன. 60, 70களின் சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உணர்ச்சி பொங்கும் பாட்டு வகை), ராக் கலைஞர்கள் பதிந்த கிறிஸ்துமஸ் பாட்டுகளில் அதிகம் பேர் கேட்காத நல்லவை எவை, அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்துப் பெயரை வரிசையாகப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் இந்த இசைத்தட்டுகள் ஏன் மறைந்தன என்று தெரிந்துகொண்டால் தேட வேண்டிய இடமும் தானாகத் தெரிந்துவிடும். பாட்டு மோசம் என்பதால் மறைந்தவை இவற்றில் குறைவு. வியாபாரம் நடந்த விதமே பெரும்பாலானவற்றை மறைத்தது.

முதல் காரணம் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் தரவரிசை. 1963 முதல் 70களின் தொடக்கம் வரை அந்தப் பத்திரிகை கிறிஸ்துமஸ் சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சிறு தட்டுகள்) வழக்கமான 'ஹாட் 100' பட்டியலில் சேர்க்காமல் தனிப் பட்டியலில் ஒதுக்கி வைத்தது. பின்னாளில் பழைய பாட்டு வானொலிகளும் தொகுப்புத் தட்டு போட்டவர்களும் 'ஹாட் 100' பட்டியலை வைத்துத்தான் 'அந்தக் கால ஹிட்' எது என்று முடிவு செய்தார்கள். சோல் இசை உச்சத்தில் இருந்த பத்து வருடக் கிறிஸ்துமஸ் தட்டுகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இரண்டாவது, பருவம். நவம்பரில் கடைக்குப் போகும் தட்டு டிசம்பர் 26 அன்று செத்த சரக்கு. சாதாரண சிங்கிள் மெல்ல மெல்லச் சூடுபிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். இதற்கு ஐந்து வாரம் கிடைத்தால் பெரிது. மூன்றாவது, யாரிடம் உரிமை இருக்கிறது என்ற சிக்கல். அதற்கு மெம்ஃபிஸ் நகரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

மெம்ஃபிஸின் சோல் இசை நிறுவனமான ஸ்டாக்ஸின் தட்டுகளை 1968 மே வரை விநியோகித்தது நியூயார்க்கின் அட்லாண்டிக். ஒப்பந்தம் முறிந்தபோதுதான், அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த அத்தனை மூலப் பதிவுகளும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்ற விதி ஒப்பந்தத்துக்குள் இருந்தது ஸ்டாக்ஸுக்கு உறைத்தது. ஆகவே 1968க்கு முந்தைய ஸ்டாக்ஸ் கிறிஸ்துமஸ் பாட்டுகள் இன்று அட்லாண்டிக்கின் தாய் நிறுவனமான வார்னரின் குடும்பத்தில் இருக்கின்றன. அதற்குப் பிந்தையவை, 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலான பிறகு ஃபேன்டசி நிறுவனத்துக்குப் போய், இப்போது கான்கார்டு கையில். 'ஸ்டாக்ஸ் கிறிஸ்துமஸ்' என்று எந்தத் தொகுப்பை எடுத்தாலும் பாதிதான் இருப்பதாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

அட்லாண்டிக் பக்கத்துக்கு ஒரே தட்டு போதும்: 1968இல் அட்லாண்டிக்கின் கிளையான ஆட்கோ லேபிளில் (வெளியீட்டுப் பெயரில்) வந்த 'சோல் கிறிஸ்துமஸ்'. புதிதாகக் கேட்க வருபவர் வேறு எதையும் தொடுமுன் இதை முழுக்கக் கேட்பது நல்லது. ஓட்டிஸ் ரெடிங், கார்லா தாமஸ், வில்லியம் பெல், சாலமன் பர்க், ஜோ டெக்ஸ், கிங் கர்ட்டிஸ், புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ், கிளாரன்ஸ் கார்ட்டர் எல்லோரும் ஒரே தட்டில். யாரும் 'பண்டிகைக்காக' அடக்கி வாசிக்கவில்லை.

இதில் ஓட்டிஸ் ரெடிங்கின் இரண்டு பாட்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அவர் 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்துபோனார். இந்தப் பாட்டுகள் சிங்கிளாக வெளிவந்தது 1968இல். வழக்கமாக ஸ்டாக்ஸின் கிளையான வோல்ட் லேபிளில் வரும் ரெடிங், இங்கே ஆட்கோ லேபிளில் இருப்பதும் மேலே சொன்ன பிரிவினையால்தான். ஒரு பக்கம் 'மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி'. அதன் மூலப் பதிவு 1947இல் ஜானி மூர்ஸ் த்ரீ பிளேசர்ஸ் குழுவில் சார்ல்ஸ் பிரவுன் பியானோ வாசித்துப் பாடியது. நள்ளிரவில் மதுக்கடை மூடும் நேரத்துக் குரல், அவசரமே இல்லாத தாளம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ரெடிங் அதே வரிகளை எடுத்துத் துள்ளல் நடையில் வைக்கிறார். பிரவுன் சோபாவில் சாய்ந்து சொல்லும் நன்றியை ரெடிங் எழுந்து நின்று ஊருக்கே அறிவிக்கிறார். மறுபக்கம் 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. பிங் கிராஸ்பியின் குரலில் இது வழவழப்பான ஏக்கம். ரெடிங் அதை மும்மூன்றாக உருளும் மெதுவான சோல் பாலாடாக மாற்றி, வரியின் கடைசிச் சொல்லை விடாமல் பிடித்து இழுக்கிறார். பித்தளை வாத்தியங்கள் பின்னால் வந்து தாங்குகின்றன. பனியைப் பற்றிய பாட்டு என்பது மறந்து, வீடு திரும்ப முடியாதவன் பாட்டாக ஆகிவிடுகிறது. இதே மெட்டை டிரிஃப்டர்ஸ் குழு 1954இல் பாடிய விதமும் கேட்கத்தக்கது: பில் பிங்க்னியின் அடிக்குரல் முதலில், பிறகு கிளைடு மெக்ஃபாட்டரின் உச்சக்குரல்.

அதே தட்டில் கிளாரன்ஸ் கார்ட்டரின் 'பேக் டோர் சாண்டா'. அலபாமாவின் மசில் ஷோல்ஸில், ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டூடியோ வார்ப்பு. பாட்டின் பொருள் குழந்தைகளுக்கானது இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியுமானால் சாப்பாட்டு நேரத்தில் போடாதீர்கள். இதன் பித்தளைத் துணுக்கைத்தான் 1987இல் ரன் டி.எம்.சி. குழு 'கிறிஸ்துமஸ் இன் ஹாலிஸ்' ராப்புக்கு எடுத்துக்கொண்டது. மூலத்தை அறியாமலே பலர் காதில் விழுந்த இசை அது. வில்லியம் பெல்லின் 'எவ்ரி டே வில் பி லைக் எ ஹாலிடே' 1967இல் வந்தது. பிரிந்தவள் திரும்பி வரப்போகிறாள் என்பதுதான் பாட்டு. என் கணக்கில் இந்தத் தொகுப்பின் மிக நுட்பமான எழுத்து இதுதான். மார்ச் மாதத்தில் கேட்டாலும் குறையாது.

புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் பாட்டுகள் பிடித்திருந்தால் அவர்களுடைய 1966 ஆல்பமான 'இன் தி கிறிஸ்துமஸ் ஸ்பிரிட்' முழுவதையும் கேளுங்கள். யாரும் பாடுவதில்லை, ஆர்கன், கிதார், பேஸ், டிரம் நான்கும்தான். 'ஜிங்கிள் பெல்ஸ்' மாதிரித் தேய்ந்துபோன மெட்டை அவர்கள் எடுக்கும்போது மெட்டைக் கவனிக்காதீர்கள், அல் ஜாக்சனின் டிரம்மைக் கவனியுங்கள். தேவைக்கு மேல் ஒரு அடி விழாது. கிதார் வாசிக்கும் ஸ்டீவ் கிராப்பர் பெரும்பாலும் ஓரத்தில் நறுக்கென்று வெட்டும் ஸ்வரக்கூட்டுகளோடு நின்றுகொள்வார். ஆடம்பர இசைக்கோவையே கிறிஸ்துமஸ் ஆல்பத்துக்கு அடையாளமாக இருந்த காலத்தில் இது துணிச்சல்.

1968க்குப் பிந்தைய ஸ்டாக்ஸில் தேட வேண்டியவை: ஐசக் ஹேய்ஸின் 'தி மிஸில்டோ அண்ட் மீ' (1969), ஸ்டேபிள் சிங்கர்ஸின் 'ஹூ டுக் தி மெர்ரி அவுட் ஆஃப் கிறிஸ்துமஸ்' (1970), ரூஃபஸ் தாமஸின் 'ஐல் பி யுவர் சாண்டா பேபி' (1973), ஆல்பர்ட் கிங்கின் 'சாண்டா கிளாஸ் வான்ட்ஸ் சம் லவ்வின்' (1974). எமோஷன்ஸ் சகோதரிகளின் 'வாட் டு தி லோன்லி டு அட் கிறிஸ்துமஸ்' (1973) இவற்றில் தனி. பண்டிகையன்று தனியாக இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டு, ஆறுதல் சொல்லாமலே விட்டுவிடும் பாட்டு.

சிகாகோவில் இரண்டு. டானி ஹாத்தவே 1970இல் நேடின் மெக்கின்னருடன் சேர்ந்து எழுதிப் பதிந்த 'திஸ் கிறிஸ்துமஸ்' வெளிவந்தபோது பெரிய வெற்றி இல்லை. 1991இல் 'சோல் கிறிஸ்துமஸ்' மறுபதிப்பில் சேர்க்கப்பட்ட பிறகுதான் பரவியது. இன்று அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் இது இல்லாமல் டிசம்பர் இல்லை. ஆகவே இதை 'கவனிக்கப்படாதது' என்று இனிச் சொல்ல முடியாது, ஆனால் மறுபதிப்பு ஒரு பாட்டை எப்படி உயிர்ப்பிக்கும் என்பதற்கு இதுவே சான்று. ஒரு உபகுறிப்பு: 1968 மூலத் தட்டு என்று சொல்லி யாராவது விற்கும் 'சோல் கிறிஸ்துமஸ்' பிரதியில் இந்தப் பாட்டு இருந்தால் அது மறுபதிப்பு. 1970இல் பதிந்த பாட்டு 1968 தட்டில் இருக்க வழியில்லை.

இரண்டாவது ரோட்டரி கனெக்‌ஷன் குழுவின் 'பீஸ்' (1968). சார்ல்ஸ் ஸ்டெப்னியின் இசைக்கோவை, மின்னி ரிப்பர்டனின் குரல், வியட்நாம் போர்க் காலத்துக் கசப்பு. சோல், சைக்கடெலிக் ராக், தேவாலயக் குழுப்பாடல் மூன்றும் கலந்தது. 'சைலன்ட் நைட்' மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வருகிறது. முதல் தடவை கேட்கும்போது குழப்பமாக இருக்கும். பாட்டு பாட்டாக எடுக்காமல் ஆல்பத்தை வரிசையாக ஓடவிட்டால்தான் அது வசப்படும். ஷஃபிள் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

ஜேம்ஸ் பிரவுன் 1966, 1968, 1970 என மூன்று கிறிஸ்துமஸ் ஆல்பங்கள் போட்டார். முதலாவது வயலின்களும் மெதுநடையுமாகப் பழைய பாணி. மூன்றில் தேறுவது இரண்டாவதான 'எ சோல்ஃபுல் கிறிஸ்துமஸ்'. 'சாண்டா கிளாஸ் கோ ஸ்ட்ரெய்ட் டு தி கெட்டோ' அதில்தான் இருக்கிறது: பணக்காரத் தெருக்களை விட்டுவிட்டு நேரே சேரிக்குப் போ, யார் அனுப்பியது என்று கேட்டால் ஜேம்ஸ் பிரவுன் என்று சொல் என்கிறார். மூன்றையும் தேடி அலைய வேண்டாம். 1995இல் வந்த 'ஃபங்கி கிறிஸ்துமஸ்' தொகுப்பு சாரத்தை எடுத்துத் தந்துவிடுகிறது.

இன்னொரு பெரிய சோல் நிறுவனமான மோடவுனில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மார்வின் கே 1972இல் பதிந்த 'ஐ வான்ட் டு கம் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்', வியட்நாமில் சிறைப்பட்ட அமெரிக்கச் சிப்பாயின் குரலில் வருவது. அவர் உயிரோடு இருந்தவரை வெளிவரவில்லை, 1990இல்தான் வந்தது. குரலை மேல் மேல் அடுக்காகப் பதிந்து தனக்குத் தானே பின்பாட்டுப் பாடும் அந்தக் காலத்து மார்வின் கே இதில் முழுசாக இருக்கிறார். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த கிறிஸ்துமஸ் ஆல்பத்தை இன்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் விரிவாகச் சொல்லவில்லை. அது வெளிவந்த நாள் 1963 நவம்பர் 22, கென்னடி சுடப்பட்ட நாள். அந்த வருடம் யாருக்கும் கொண்டாட மனமில்லை. அதில் டார்லீன் லவ் பாடிய புகழ்பெற்ற 'கிறிஸ்துமஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)' பாட்டை மட்டும் கேட்டவர்கள் அவருடைய 'மார்ஷ்மெல்லோ வேர்ல்ட்' பாட்டையும் கேட்கலாம்.

இனி ராக். மெம்ஃபிஸ் கதையின் மறுபாதி இங்கே வருகிறது. பிக் ஸ்டார் என்ற ராக் குழுவின் தட்டுகளை வெளியிட்ட ஆர்டென்ட் நிறுவனத்துக்கு விநியோகம் செய்தது ஸ்டாக்ஸ்தான். ஸ்டாக்ஸ் சரிந்தபோது இவர்களும் சேர்ந்து சரிந்தார்கள். 1974இல் ஆர்டென்ட் ஸ்டூடியோவில் பதிந்த மூன்றாவது ஆல்பம் 1978 வரை கிடப்பில் கிடந்தது. அதில் அலெக்ஸ் சில்ட்டன் பாடும் 'ஜீசஸ் கிரைஸ்ட்' இருக்கிறது. தொடக்கத்தில் தடுமாறும் ஒலித் துணுக்கு, பிறகு பளிச்சென்ற கிதார், கடைசியில் சாக்ஸஃபோன். தேவாலயங்களில் பாடும் நேரான கேரல் பாட்டு மாதிரிதான் வரிகள். சுற்றிலும் உடைந்துபோன பாட்டுகளாக இருக்கும் ஆல்பத்தின் நடுவே இது வருவதால் நம்பிப் பாடுகிறாரா, கிண்டலா என்று பிடிபடாது. அந்த ஆல்பத்துக்குள் வைத்துக் கேட்பதே சரி.

வாஷிங்டன் மாநிலத்துப் பக்கத்திலிருந்து சோனிக்ஸ், வெய்லர்ஸ், கேலக்ஸீஸ் என்ற மூன்று குழுக்களும் 1965இல் எட்டிகெட் லேபிளில் ஒரு கிறிஸ்துமஸ் தட்டைப் பகிர்ந்துகொண்டன. சோனிக்ஸின் 'டோன்ட் பிலீவ் இன் கிறிஸ்துமஸ்' பாட்டைப் போட்டதும் ஊசி கெட்டுவிட்டது, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த இரைச்சல் பதிவிலேயே இருப்பது. கிங்க்ஸ் குழுவின் 'ஃபாதர் கிறிஸ்துமஸ்' (1977) ஆல்பத்தில் சேராத சிங்கிள் என்பதால் வெகுகாலம் பலர் கண்ணில் படவில்லை. கடை வாசலில் சாண்டா வேடம் போட்டு நிற்பவரை ஏழைச் சிறுவர்கள் மடக்கி, பொம்மை வேண்டாம் காசு கொடு, அப்பாவுக்கு வேலை கொடு என்கிறார்கள். வென்ச்சர்ஸின் 1965 கிறிஸ்துமஸ் ஆல்பம் விளையாட்டு ரகம்: அந்தக் காலத்து ஹிட் ஒன்றின் துணுக்கில் தொடங்கிப் பண்டிகை மெட்டுக்குள் நுழைவார்கள். 'ருடால்ஃப்' மான் பாட்டு பீட்டில்ஸின் 'ஐ ஃபீல் ஃபைன்' கிதாரோடு ஆரம்பிக்கும்.

பதிப்பு விஷயத்துக்கு வருவோம். ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். பழைய சோல் பாடகர்கள் பலர், மூலப் பதிவின் உரிமை தங்களிடம் இல்லாததால், பிற்பாடு மலிவுத் தொகுப்பு நிறுவனங்களுக்காக அதே பாட்டை மறுபடி பாடிக் கொடுத்தார்கள். அட்டையில் இளமைக்காலப் படம் இருக்கும், உள்ளே இருபது வருடம் கழித்துப் பாடிய குரல் இருக்கும். ஆல்பத்தின் அடியில் வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்ட ஒலிப்பதிவு உரிமை வரியைப் பாருங்கள். ரெடிங், கார்ட்டர், ஹாத்தவே என்றால் அட்லாண்டிக், ஆட்கோ, வார்னர், அதன் மறுபதிப்புக் கிளையான ரைனோ இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். பிந்தைய ஸ்டாக்ஸ் என்றால் கான்கார்டு அல்லது அதன் கிளையான கிராஃப்ட். கேள்விப்படாத பெயர் இருந்தால் சந்தேகப்படுங்கள். பாட்டின் நீளத்தையும் இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் உள்ள மூலச் சிங்கிளின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். அரை நிமிடம் வித்தியாசம் என்றால் வேறு பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். பித்தளை வாத்தியம் வரவேண்டிய இடத்தில் சிந்தசைசர் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். சார்ல்ஸ் பிரவுன் விஷயத்தில் மட்டும் இது மோசடி இல்லை. அவர் 'மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி' பாட்டை வாழ்நாள் முழுக்கப் பலமுறை பதிந்தார். 1994இல் வந்த 'கூல் கிறிஸ்துமஸ் புளூஸ்' ஆல்பம் முதுமையிலும் அழகு.

அடுத்தது மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி), ஸ்டீரியோ (இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி). 60களின் ஸ்டீரியோ கலவைகள் பலவற்றில் குரல் ஒரு காதிலும் டிரம் மறு காதிலும் நிற்கும். ஹெட்ஃபோனில் அது எரிச்சல். ஃபோனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் மோனோ ஆடியோ என்ற தெரிவு ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் உண்டு. அதைப் போட்டுக் கேளுங்கள், குழு ஒரே அறைக்குள் வந்துவிடும். ஆனால் மோனோ பதிவைச் செயற்கையாக இரண்டாகப் பிரித்த போலி ஸ்டீரியோவுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதில் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, ஒரு பக்கம் அடி ஒலியையும் மறுபக்கம் கீச்சொலியையும் குறைத்திருப்பார்கள். தாமதமான இரண்டையும் மறுபடி கூட்டினால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். எல்லாக் கருவியும் தண்ணீரில் மிதப்பதுபோல் கேட்டால் வேறு பதிப்பு தேடுவதுதான் வழி.

தட்டாகவே வாங்குபவர்களுக்கு. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிங்கிள்கள் எல்லாம் வினைல் பிளாஸ்டிக் இல்லை. சில அமெரிக்க ஆலைகள் பாலிஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் வார்த்தன. லேபிள் தட்டோடு அழுந்தாமல் மேலே ஒட்டியதுபோல் இருந்தால், மெல்லத் தட்டினால் கணீரென்று கெட்டியாக ஒலித்தால், வளையாமல் விறைப்பாக இருந்தால் அது ஸ்டைரீன். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலைப் பிரதிகளில் கடைசிப் பள்ளத்தை ஒட்டிய வெற்று வளையத்தில் சின்ன முக்கோணமும் எண்ணும் கீறியிருக்கும். ஸ்டைரீன் பார்வைக்குப் பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே தேய்ந்துபோயிருக்கும். கண்ணால் பார்த்துத் தரம் சொல்லும் விற்பனையாளரிடம் ஒலிக்கவிட்டுப் பார்த்தாரா என்று கேட்டு வாங்குங்கள். வளைத்துப் பார்க்காதீர்கள், ஓரம் பிளந்துவிடும். ஊசியின் அழுத்தத்தை மிகக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளிச் சுவரைச் செதுக்கும். கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய முனைப்பகுதி) தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேற்பாதியில் வையுங்கள். பழைய மோனோ சிங்கிள்களை ஆம்ப்ளிஃபையரின் மோனோ பொத்தானை அழுத்திக் கேட்டால் ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் சரசரப்பு பாதி அடங்கிவிடும். பெரிய துளைக்கான அடாப்டர் நடுவில் சரியாக உட்காராவிட்டால் நீண்ட ஆர்கன் ஸ்வரங்கள் அலைபாயும். பாட்டைக் குறை சொல்லுமுன் அதைப் பாருங்கள்.

சொந்தமாகப் பட்டியல் அமைத்தால் ஸ்பெக்டர் பாட்டுக்கு அடுத்து ஸ்டாக்ஸ் பாட்டை வைக்காதீர்கள். ஸ்பெக்டர் பதிவில் எதிரொலி ததும்பும்; அவ்வளவு எதிரொலிக்குப் பிறகு மெம்ஃபிஸ் ஒலி காய்ந்துபோனதாகத் தெரியும், தவறு அதனுடையது இல்லை. நடுவே சார்ல்ஸ் பிரவுன் ஒன்று போட்டால் காது சமநிலைக்கு வந்துவிடும். சோனிக்ஸ், ஜேம்ஸ் பிரவுன் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நன்றாக ஒத்துப்போவார்கள். டிசம்பர் 31க்கு 'சோல் கிறிஸ்துமஸ்' தட்டிலேயே கிங் கர்ட்டிஸின் சாக்ஸஃபோனில் 'வாட் ஆர் யூ டூயிங் நியூ இயர்ஸ் ஈவ்' இருக்கிறது. அதோடு ஓட்டிஸ் ரெடிங், கார்லா தாமஸ் இருவரின் 1967 ஆல்பமான 'கிங் அண்ட் குயீன்' தட்டிலிருந்து 'நியூ இயர்ஸ் ரெசல்யூஷன்' பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.